தேசிங்குக்கு இருபத்தைந்தாம் வருஷப் படையல்

அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால் முதல் போன் டாக்டருக்கு, இரண்டாவது போன் ஜெயவேலுவுக்கு. டாக்டர் வரத் தாமதமானால் பரவாயில்லை, ஆகவேண்டியது ஆகிவிட்டது. ஜெயவேலு வந்தாக வேண்டும். அவர் வாசலில் செருப்பை விட்டு, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "எத்தினி மணிக்கு எடுக்கறோம்?" என்று கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் அடுத்த காரியம் நகரும்.

ஜெயவேலுவுக்கு அறுபத்தோரு வயது. மெயின் ரோட்டில் செங்கல், மணல், ஜல்லி விற்கிற கடை, கடைக்குப் பின்னால் வாடகைக்கு விட்ட நாலு போர்ஷன். ஆனால் கடையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஐஸ் பெட்டி யாரிடம் உடனே கிடைக்கும், எந்த சாமியானாக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார், மயானத்தில் யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், பதினாறாம் நாள் எத்தனை இலை விழும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. சாவு வீட்டில் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். மறுநாள் தெருவில் நாலு பேர் "ஜெயவேலு நின்னு நடத்தினாரு, ஒரு கொறை சொல்ல முடியாது" என்று பேசிக்கொண்டால் போதும். பேசிக்கொள்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அந்தத் தெரு வழியாக வேலை இல்லாமலே இரண்டு நடை போய் வருவார்.

அடுக்குமாடிகள் வந்த பிறகு அவருக்குக் கிராக்கி கூடிவிட்டது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு மாமன் மச்சான் பங்காளி யாரும் பக்கத்தில் கிடையாது. "அங்கிள், எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, நீங்கதான் சொல்லணும்" என்று நிற்பார்கள். ஜெயவேலு அவர்களிடம் இன்னொரு கேள்வி கேட்பார்: "பெரியவருக்கு இன்னா புடிக்கும்?" தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு கேரம் போர்டு உயிர் என்று தெரிந்ததும் ஸ்டிரைக்கரைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்து அனுப்பினார். காலையில் ரேடியோ செய்தி கேட்காமல் காபி குடிக்காத ஒரு அம்மாளுக்கு, எடுக்கிற அன்று காலை ஏழே கால் மணிக்கு ரேடியோவைத் திருகி வைத்தார். செத்தவங்களுக்கும் நடக்கிறதுக்கும் சம்பந்தம் இல்லை என்றால் அது வெறும் சமையல் கான்ட்ராக்ட் என்பது அவருடைய கொள்கை.

"உசுரோட கீறப்போ ஒர்த்தரையும் போயி பாக்க மாட்டாரு, செத்தா மட்டும் மொத ஆளா போயி இன்னா புடிக்கும்னு கேப்பாரு" என்பாள் அவர் மனைவி ஜெயஸ்ரீ.

இப்படி ஊரார் எல்லாரையும் குறையில்லாமல் அனுப்பி வைத்த ஜெயவேலு, சொந்த அப்பனின் சமாதியை மட்டும் விற்றுவிட்டார். இது ஜெயஸ்ரீக்குத் தெரியும். அவர் அம்மா பச்சையம்மாவுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். அவர் அப்பா தேசிங்கு இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் செத்துப் போனார். ஏரிக்கரை ஓரம் இருந்த சொந்த நிலத்தின் மூலையிலேயே புதைத்து, இரண்டடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு மாடமும் வைத்தார்கள். பிற்பாடு அந்த நிலத்தை ஒரு பில்டர் கேட்டார். சமாதி இருக்கிற பத்துக்குப் பத்து நீங்கலாக மற்றதைத் தருகிறோம் என்று பேச்சு. பத்திரப்பதிவு அன்று, ஜெயவேலு கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரத்தில், அடுத்த தெரு கங்கையம்மாள் போய்விட்டதாக போன் வந்தது. பத்திரம் எழுதுகிறவர், "ஒரு தபா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்" என்றார். "அங்க ஐஸ் பொட்டி இல்லாம பாடி கீது, நீ படிக்க சொல்றியே" என்று சொல்லி, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார் ஜெயவேலு. கங்கையம்மாளின் காரியம் ஜோராக நடந்தது. நாலு மாதம் கழித்துச் சுற்றுச்சுவர் எழும்பியபோதுதான், பத்திரத்தில் 'நீங்கலாக' என்கிற வார்த்தையே இல்லை என்பது தெரிய வந்தது.

ஆனால் தேசிங்கு அவ்வளவு சுலபமாக நகர்கிற ஆள் இல்லை. மேடையை இடிக்க வந்த ஜேசிபி டிரைவர் மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிக் கும்பிட்டார், மாட்டேன் என்று போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. பில்டர் வேறு வழியில்லாமல் வரைபடத்தைக் கொஞ்சம் மாற்றி, குழந்தைகள் விளையாடுகிற இடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் மேடையை விட்டு வைத்தார். குடியிருப்புக்கு 'வில்லோ கோர்ட்' என்று பெயர். வில்லோ மரம் எப்படி இருக்கும் என்று அதில் குடியிருக்கிற தொண்ணூறு குடும்பத்தில் யாரும் கண்டதில்லை.

குடிவந்தவர்கள் மேடையைப் பார்த்தார்கள். பெருக்குகிற அம்மாள் ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை அதில் விளக்கு வைத்தாள். அடுத்த வாரம் யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள். ஏ பிளாக்கில் ஒரு பையனுக்கு இரண்டு தடவை மறுத்த விசா மூன்றாம் தடவை கிடைத்தது. அதற்குப் பிறகு எலுமிச்சை மாலை, டைல்ஸ் தரை, தகரக் கூரை, எவர்சில்வர் தடுப்புக் கம்பி, கம்பியில் 'உபயம்: பி பிளாக் 304' என்று எல்லாம் வந்துவிட்டது. போன வருஷம் பித்தளையில் முகக் கவசமும் செய்து மாட்டினார்கள். பெரிய கண், முறுக்கிய மீசை. ஊர்க்காவல் தெய்வம் என்று முடிவாகி, பெயர் தெரியாததால் 'ஏரிக்கரையப்பர்' என்று வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு பலகை: அசைவம் உண்டவர்கள் சந்நிதிக்கு வர வேண்டாம்.

தேசிங்குக்கு மீசை சரியாக முளைத்ததே கிடையாது. கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. சாராயக்கடை திறப்பதற்கு முன்னால் போய் நின்று, மூடின பிறகு திரும்புகிறவர். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள். அவரிடம் கேட்டு ஒன்று கிடைத்தது என்று ஊரில் எவரும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவர் இப்போது கேட்டதெல்லாம் கொடுக்கிறார் என்று வாட்ஸப்பில் செய்தி போய்க்கொண்டிருந்தது.

வருஷா வருஷம் திதி அன்று பச்சையம்மா வீட்டில் போட்டோவுக்கு முன்னால் இலை போடுவாள். முழங்கால் வலியால் அவளால் ஏரிக்கரை வரை போக முடியாது. ஜெயவேலு, "நான் போயி சமாதியாண்ட கற்பூரம் ஏத்திட்டு வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போவார். வில்லோ கோர்ட்டில் பக்தர்களோடு பக்தராக வரிசையில் நின்று, அப்பனைக் கும்பிட்டு, விபூதி வாங்கி வந்து அம்மா கையில் கொடுப்பார். சமாதியில் விபூதி ஏது என்று அவளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் அவள் கேட்டது வேறு.

"இருவத்தஞ்சு வருசம் ஆச்சுடா வேலு. நானும் இன்னும் எத்தினி நாளிக்கு? இந்த தபா நானே வரேன். சமாதியாண்ட எலை போட்டு, அந்தாளு பேரைச் சொல்லி நீ கூப்புடு. இங்க வூட்ல போட்டோவுக்குப் படைச்சா அவுரு காதுல வுயுதோ இல்லையோ."

அந்தக் குடும்பத்தில் படையல் என்றால் அதுதான். இலையில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துவிட்டு, மகன் அப்பனைப் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் நைனா, அந்த ஒரு நாள் தேசிங்கு.

ஜெயவேலு தன் முப்பது வருஷ அனுபவத்தை எல்லாம் அவள் முன்னால் கொட்டினார். "கண்ணாலம் மாதிரி மண்டபம் எடுத்து செய்யலாம்மா. தாம்பரம் முதியோர் இல்லத்துல நூறு பேருக்கு சாப்பாடு போடலாம். தெரு ஃபுல்லா போஸ்டர் அடிச்சுடலாம், நைனா படம் பெருசா."

"நீ ஊருக்கெல்லாம் இன்னா சொல்லுவ?" என்றாள் பச்சையம்மா. "செத்தவருக்கு இன்னா புடிக்கும்னு தானே கேப்ப? உங்க நைனாவுக்கு மண்டபம் புடிக்குமா? அந்தாளுக்கு அந்த மண்ணுதான் புடிக்கும். அங்கயே பொயுதன்னிக்கும் வுயுந்து கெடந்தாரு. சமாதியாண்டதான் எலை போடணும்."

வேறு வீடாக இருந்தால் ஜெயவேலுவே இந்த யோசனையைச் சொல்லிப் பாராட்டு வாங்கியிருப்பார்.

மறுநாள் வில்லோ கோர்ட் சங்கச் செயலாளர் சத்யநாராயணனைப் பார்க்கப் போனார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி விஷயத்துக்கும் ஒரு ரெஜிஸ்டர் போட்டு வைத்திருந்தார்.

"லோக்கல்காரர் நீங்க, எங்க சாமிகிட்ட இவ்ளோ பக்தியா வர்றீங்க, ரொம்ப சந்தோஷம் சார். சனிக்கிழமை பத்தரையிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ஸ்லாட் இருக்கு. யார் பேருக்கு அர்ச்சனை?"

"எங்கப்பா பேருக்கு சார். தேசிங்கு."

"நட்சத்திரம்?"

ஜெயவேலுவுக்குத் தெரியாது. தேசிங்குக்கே தெரியாது. "தெரியல சார்."

"அப்பாகிட்ட கேட்டு போன் பண்ணுங்க. இருக்கார் இல்ல?"

இங்கேதான் சார் கீறாரு என்று தொண்டை வரை வந்ததை ஜெயவேலு விழுங்கினார். "காலமாயிட்டாரு சார்."

சத்யநாராயணன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, வெள்ளை மை வைத்து அந்தப் பேரை அழித்தார். "அப்ப முடியாதே சார். தெய்வ சந்நிதியில இறந்தவங்க பேரை உச்சரிக்கவே கூடாது. உங்க பேர்ல பண்ணிக்கலாம். நைவேத்யம் சர்க்கரைப் பொங்கல், சங்கத்துலயே பண்ணிடுவாங்க. வெளியிலேர்ந்து எதுவும் கொண்டு வராதீங்க."

ஜெயவேலு நாற்காலியின் நுனிக்கு வந்தார். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பார்க்க நல்ல மனுஷனாக இருக்கிறார், படித்தவர், சொன்னால் புரிந்துகொள்வார். "சார், அந்த எடத்தைப் பத்தி ஒரு விசயம்..."

"நீங்களும் கேள்விப்பட்டீங்களா?" சத்யநாராயணன் குரலைத் தாழ்த்தினார். "யாரோ கிளப்பி விட்டிருக்கான் சார், அது சமாதின்னு. எமர்ஜென்சி மீட்டிங்கே போட்டோம். அப்படி மட்டும் ஒரு ப்ரூஃப் கிடைச்சா மறுநாளே ஆள் வெச்சு எடுத்துடறதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். குழந்தைங்க விளையாடற இடம், பொணம் இருக்குன்னா யார் சார் வாடகைக்கு வருவா? நீங்க இந்த ஊர்க்காரர், சொல்லுங்க. அது சமாதியா?"

"சேச்சே" என்றார் ஜெயவேலு. அப்பனை அவர் முதல் தடவை விற்றது பத்திரத்தைப் படிக்காமல். இந்தத் தடவை நன்றாகத் தெரிந்தேதான்.

வீட்டுக்கு வந்து ஜெயஸ்ரீயிடம் சொல்லிப் புலம்பினார். சொன்னால் அப்பன் போய்விடுவார். சொல்லாவிட்டால் அம்மா கேட்டபடி பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. ஜெயஸ்ரீ பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். "ஊரு சாவுக்கெல்லாம் ஐடியா குடுக்கறீங்களே, உங்களுக்கு நீங்களே ஒண்ணு சொல்லிக்குங்க" என்றாள். அவள் சொன்னதில் குத்தல் இருந்தாலும், அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்து வைத்தாள்.

திதி நாளான சனிக்கிழமை பச்சையம்மா விடியற்காலையிலேயே குளித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ஆட்டுக்கறி வறுவல், அவித்த முட்டை, வடை. கோவளத்திலிருந்து சொல்லி வரவழைத்த நெத்திலி. எல்லாவற்றையும் டிபன் கேரியரில் அடுக்கி, ஒரு கட்டு சுருட்டும் தலைவாழை இலையும் சேர்த்து மஞ்சள் பையில் வைத்துக் கட்டினாள். காரில் போகும்போது பையை மடியை விட்டு இறக்கவில்லை.

"அம்மா, அங்க கொஞ்சம் மாறிப்போச்சும்மா" என்றார் ஜெயவேலு.

"இருவத்தஞ்சு வருசம் ஆச்சு, மாறாம இருக்குமா?"

"ரொம்ப மாறிப்போச்சும்மா."

அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. வில்லோ கோர்ட் வாசலில் செக்யூரிட்டி குறுக்குக் கட்டையைத் தூக்காமல் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"எங்க வூட்டுக்காரரை" என்றாள் பச்சையம்மா.

"எந்த ஃபிளாட்டு?"

"செக்ரெட்டரி சத்யநாராயணன் சாரை" என்று ஜெயவேலு அவசரமாகச் சொன்னார். செக்யூரிட்டி பச்சையம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் தாண்டி, அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார். தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கும்பிட்டு நின்றார்கள். பித்தளை முகம் வெயிலில் பளபளத்தது. பச்சையம்மா மேடையைப் பார்த்தாள். மாடத்தைப் பார்த்தாள். அது அவள் கையால் சுண்ணாம்பு பூசின மாடம், அதன் அடையாளம் தெரியாமல் போகாது. பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"நைனாம்மா."

"மீசை?"

ஜெனரேட்டர் ஓரமாக அவளைத் தள்ளிக்கொண்டு போய், ஜெயவேலு எல்லாவற்றையும் சொன்னார். பத்திரத்தைப் படிக்காதது, கங்கையம்மாள் செத்தது, சாமியானது, இறந்தவர் பேரைச் சொல்லக் கூடாது என்றது, சமாதி என்று தெரிந்தால் மறுநாளே எடுத்துவிடுவார்கள் என்றது. அறுபத்தோரு வயதில், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மாட்டிக்கொண்ட பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பச்சையம்மா மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திரும்பி மாடத்தைப் பார்த்தாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு பெண் அவர்களிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் ஐடி கார்டு, கையில் தட்டு. பி பிளாக்கில் இருக்கிற நித்யஸ்ரீ என்று ஜெயவேலுவுக்குத் தெரியும். வாரா வாரம் வருகிறவள்.

"பாட்டி, முதல் தடவையா வர்றீங்களா? முன்னாடி வந்து நில்லுங்க, வழி விடச் சொல்றேன். ரொம்ப சக்தி உள்ள சாமி பாட்டி."

"அப்டியா?" என்றாள் பச்சையம்மா.

"எங்க வீட்டுக்காரர் தினமும் குடிச்சுட்டு வருவார். ஆறு வருஷம் பாட்டி. அடிக்கக் கூட ஆரம்பிச்சுட்டார். எங்கெங்கயோ வேண்டிக்கிட்டேன், டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனேன். ஒருநாள் இங்க வந்து, நீதான் அவரைத் திருத்தணும்னு அழுதேன். இன்னிக்கு எட்டு மாசமாச்சு, ஒரு சொட்டு தொடலை." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இவர்தான் பாட்டி எல்லாம். இவர் மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியலை."

"இவுரா?" என்று கேட்டாள் பச்சையம்மா. "இவுரு குடியை நிறுத்தினாரா?"

"ஆமாம் பாட்டி."

பச்சையம்மா பித்தளை முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். ஜெயவேலு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். முதுகில் விறகுக்கட்டை பட்ட தழும்போடு அவள் கொல்லையில் உட்கார்ந்து, இனிமே குடிக்காதய்யா, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன் என்று அழுததை எட்டு வயதில் அவர் பார்த்திருக்கிறார். பதினெட்டு வயதிலும் பார்த்தார். முப்பது வயதில், அவருக்கே பிள்ளை பிறந்த பிறகும் பார்த்தார்.

சத்யநாராயணன் வேட்டி கட்டிக்கொண்டு பூஜைக்குத் தயாராக வந்தார். வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "எங்கயோ கருவாடு வாசனை வருதே. மறுபடியும் 304தான்" என்று முணுமுணுத்துவிட்டு, பச்சையம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மாவா? வாங்கம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. இங்க சாமியோட வரலாறு எழுதிப் பெருசா ஒரு போர்டு வைக்கப் போறோம். பழைய ஆளுங்க யாராவது கிடைச்சா கேட்கணும்னு இருந்தேன். இது யாரு, பேர் என்ன, எத்தனை காலமா இருக்கு, உங்களுக்குத் தெரியுமாம்மா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அம்மாவின் கை மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் இறுக்குவதுமாக இருந்தது. ஜெயவேலு அந்தக் கையைப் பார்த்தார். எழுபது, எண்பது பேருக்குச் சமைத்துப் போட்ட கை, இன்றைக்கு ஒருத்தருக்குச் சமைத்து எடுத்து வந்து நிற்கிறது, அதை வைக்க இடம் இல்லை. போகட்டும், எடுத்தால் எடுக்கட்டும். எலும்பை ஒரு பானையில் வாங்கிக்கொண்டு போய் வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாம், எத்தனை பேருக்கு அதையும் செய்து கொடுத்திருக்கிறோம். ஒரே ஒரு தடவையாவது அவள் கேட்டது நடக்கட்டும் என்று முடிவு பண்ணி, அவர் வாயைத் திறந்தார்.

"சார், இது எங்க..."

"எங்களுக்கு இன்னா சார் தெரியும்?" என்றாள் பச்சையம்மா. "நாங்க இங்க வாடகைக்குக் கீறவங்க."

சத்யநாராயணன் ஏமாற்றத்தோடு தலையாட்டினார். செல்போன்கள் இறங்கின. அந்த ஏரிக்கரையில் மூன்று தலைமுறை உழுத குடும்பத்துக்காரி, நித்யஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு தடுப்புக் கம்பி வரை நொண்டி நொண்டிப் போய் நின்றாள். மஞ்சள் பையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஜெயவேலு பின்னாலேயே போய் ஒட்டி நின்றார்.

தீபாராதனை ஆரம்பித்தது. மோட்டார் வைத்த மேளமும் மணியும் சேர்ந்து காதைப் பிளந்தன. "ஏரிக்கரையப்பா! காப்பாத்து!" என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். பச்சையம்மா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் வயதுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கூட மகனைக் காட்டி, இவனைக் கேளு என்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததில்லை.

"தேசிங்கு" என்றாள்.

மேளச் சத்தத்தில் ஜெயவேலுவுக்கு மட்டும்தான் அது கேட்டது.

"தேசிங்கு. யோவ் தேசிங்கு. முப்பத்தெட்டு வருசம் நான் கேட்டேன், உனக்கு காது கேக்கல. எனக்குத்தான் குடுக்கல. போவட்டும், இந்தப் பொண்ணு கேட்டதுக்கு குடுத்தியே, அது போதும். யாரும் உன்னை எயுப்ப மாட்டாங்க. இருந்துக்கோ."

மூச்சு வாங்கிக்கொண்டு, பையைத் தலைப்புக்குள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கும்பிட்டாள். ஜெயவேலு துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியவில்லை. "நைனா, நைனா" என்று வாய்விட்டு, தரையில் உட்கார்ந்து, அந்த டைல்ஸில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

"தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க!" என்றாள் நித்யஸ்ரீ. "அங்கிளுக்கு சாமி வந்திருக்கு!"

சத்யநாராயணன் ஓடிப்போய் மேளத்தை நிறுத்தினார். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி வந்து ஜெயவேலுவின் பக்கத்தில் நிறுத்தினாள். ஜெயவேலு அழுது முடிக்கிற வரைக்கும் எல்லாரும் அவரைச் சுற்றிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள்.